மறு: மறு: ‘ஏர் சஸ்பென்ஷன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், லண்டன்:

நம் கலைச்சொல் குழுவில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய ரேஞ்ச் ரோவர் வாங்க நினைப்பவர் எந்தத் தலைமுறை வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லும் நீண்ட கட்டுரை ஒன்றை இங்குள்ள தமிழ் இதழுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை பக்கம் முடிகிறது. கட்டுரை பேசும் தலைமுறைகள் மூன்று. 1970 ஜூனில் வெளிவந்து 1996 வரை உற்பத்தியான முதல் வண்டி, இப்போது கிளாசிக் என்று அழைக்கப்படுவது. 1994 செப்டம்பரில் வந்த பி38ஏ. 2001 இறுதியில் அறிமுகமாகி 2012 வரை நீடித்த எல்322.

எஞ்சினும் கியர்பெட்டியும் தொல்லை தரவில்லை. சிக்கியிருப்பது ஒரே இடத்தில்தான். கட்டுரையின் முடிவு அந்த இடத்தை நம்பியே இருக்கிறது. கிளாசிக் வண்டிகளில் பெரும்பாலானவை சுருள்வில்லின்மேல் நிற்கின்றன. 1993 மாதிரி முதல் வந்த உயர்நிலைக் கிளாசிக்குகளும், பி38ஏ, எல்322 வண்டிகள் எல்லாமும் ரப்பர் பையில் அடைத்த காற்றின்மேல் நிற்கின்றன. இந்த ‘ஏர் சஸ்பென்ஷ’னைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘இடைநீக்கம்’ அலுவலகத்துக்கு உரியது. ‘காற்றுத் தொங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

புலவர், தஞ்சாவூர்:

அன்பு மகளே, ‘தொங்கல்’ வேண்டாம் என்று நீ ஒதுக்கியது சரியே. அதற்கு மூத்த சொல் நம்மிடம் இருக்கிறது. சங்கத் தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். சோழன் எறிந்த ‘தூங்கெயில்’ வானில் தொங்கிய கோட்டை. தூங்கு தன்வினை, தூக்கு பிறவினை. தூக்கணாங்குருவிக்குப் பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்தே. தொங்கவிடுவதும் தூக்கு, உயர்த்துவதும் தூக்கு, துலாக்கோலில் நிறுப்பதும் தூக்கு. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளில் தூக்கு ஒன்று. பதிற்றுப்பத்தில் பாட்டுதோறும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஓசையை நிறுத்து அளந்தார்கள், இங்கே வண்டியின் பாரத்தை நிறுத்துத் தாங்குகிறோம்.

காற்றுக்கு ‘வளி’ என்றே சொல்லலாம். கரிகாலனின் முன்னோனை வெண்ணிக்குயத்தியார் ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார். காற்றை ஏவல் கொண்டவன் என்பது பொருள். உன் வண்டியும் காற்றை ஏவல் கொள்கிறது. எனவே ‘வளித்தூக்கு’. வளியால் தூக்குவது, வல்லினம் மிகும்.

பட்டறை நடத்துபவர், கோவை:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் ‘வளித்தூக்கு’ என்றால் வண்டியை மேலே ஏற்றும் லிஃப்டைத்தான் காட்டுவார்கள். வெளியூர் போகும் ஆம்னி பஸ்ஸை ‘ஏர் பஸ்’ என்று மக்கள் சொல்வது இந்தச் சஸ்பென்ஷனை வைத்துத்தான். ரப்பர்ப் பைக்கு எங்கள் பேச்சு ‘பலூன்’. ‘ஏர் சஸ்பென்ஷன்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே அம்மா? வாங்கப் போகிறவர் பணம் போடப் போகிறார். அவருக்குப் புரிவதுதான் முக்கியம்.

புலவர், தஞ்சாவூர்:

தம்பி, பிறமொழிச் சொல்லை எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியரே வழி சொன்னார். ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை நீக்கி, என்பதை இதற்கும் பொருத்தினால் ‘சசுபென்சன்’ என்று எழுத வேண்டும். அது உங்கள் பட்டறைக்கும் புரியாது, என் மாணவர்களுக்கும் புரியாது. அப்படியே ஸகரமும் ஷகரமும் போட்டு எழுதுவதென்றால் இந்தக் குழு எதற்கு?

பழுதுபார்ப்பவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் இருப்பவர்:

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். ‘வளி’ எங்களுக்குப் பாடசாலையிலேயே பழகிய சொல், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் இங்கே பெயர் வேண்டியது ஒரு பொருளுக்கு அல்ல, இரண்டுக்கு. இதுவரை எல்லோரும் ஒன்றுக்கே பெயர் தேடுகிறீர்கள்.

பி38ஏ வண்டியின் அடியில் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஒரு ரப்பர்ப் பை இருக்கிறது. இது ஒரு பொருள். காற்றை அழுத்தும் கம்ப்ரசர், சேமிக்கும் கலன், பங்கிட்டு அனுப்பும் வால்வுத் தொகுதி, நான்கு மூலைகளிலும் உயரம் அளக்கும் உணரிகள், எல்லாவற்றையும் ஆளும் கணினி எல்லாம் பையோடு சேர்ந்தது மற்றொரு பொருள். பை கிழிந்தால் பையை மாற்றலாம். வால்வுத் தொகுதியின் வளையங்கள் தேய்ந்தால் பையை மாற்றிப் பயனில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் இட்டால் வாசகர் தவறான பகுதிக்குப் பணம் கொடுப்பார்.

வாங்குபவர் செய்யவேண்டிய சோதனையையும் சேருங்கள். வண்டியை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றிவிட்டுச் சக்கரத்தின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இயல்பான உயரத்தில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் ரப்பர் அப்போதுதான் வெளியே வரும். மயிரிழை வெடிப்புகள் அந்த மடிப்பில்தான் ஓடும். சவர்க்கார நீர் பூசினால் கசியும் இடத்தில் நுரை குமிழியிடும். முதல்நாள் மாலை நேராக நின்ற வண்டி மறுநாள் காலை ஒரு மூலை தாழ்ந்து நின்றால் விலை பேசுமுன் காரணம் கேட்க வேண்டும். அமைப்பு முழுதும் பழுதாகிவிட்டால் வண்டி அடித்தட்டில் அமர்ந்து, மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதே என்று முகப்பில் எழுதிக் காட்டும். இதற்கு அஞ்சியே பலர் பி38ஏயைச் சுருள்வில்லுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இயற்பியல் ஆசிரியை, மதுரை:

லண்டன் சகோதரர் சொன்ன கடைசி வரியில் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ‘சுருள்வில்லுக்கு மாற்றுவது’ என்றால், எதிலிருந்து மாற்றுவது? இன்னொரு வில்லிலிருந்துதானே!

ஐரோப்பாவில் பழைய குதிரை வண்டிகளின் கூண்டைத் தோல்வாரில் கட்டித் தொங்கவிட்டார்கள். ‘சஸ்பென்ஷன்’ அங்கிருந்து வந்த பெயர். இன்றைய கார் எதிலும் உடல் தொங்கவில்லை, ஏறி அமர்ந்திருக்கிறது. நம் ஊரில் மாட்டுவண்டிக்கு அடியில் வளைந்த எஃகுப் பட்டைகளை வைத்தபோது மக்கள் அதை வில்லாகக் கண்டு ‘வில்வண்டி’ என்றார்கள். அமுக்கினால் அமுங்கி, விட்டால் மீளும் எதுவும் வில். சுருளாக இருந்தால் சுருள்வில். காற்றும் அமுங்கி மீள்வதுதான். ஆகவே பைக்குக் ‘காற்றுவில்’, முழுவதற்கும் ‘காற்றுவில் அமைப்பு’. யாழ்ப்பாணத்தில் வில்லால் நிறுக்கும் தராசை ‘விற்றராசு’ என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது அயலாக இருக்காது. காற்றை அடைத்த வில்லைத்தான் சொல்கிறேன். 1955இல் வந்த சித்ரோயன் டிஎஸ் காரில் நைட்ரஜனும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்தன. அதற்கு வேறு சொல் வேண்டும்.

கல்வெட்டு ஆய்வாளர், காஞ்சிபுரம்:

‘தாங்கல்’ என்பதை ஒருவரும் எண்ணவில்லையே? காற்றுத் தாங்கல். தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்களில் அது வாழ்கிறது. தாங்கல் எங்கெங்கே ஊர்ப்பெயராயிற்று, எங்கெங்கே ‘ஏரி’யே நிலைத்தது என்பது தனியே ஆராய வேண்டிய பெரிய கேள்வி. வட தமிழகத்தில்...

(இதிலிருந்து கிளைத்த ஏரி, குளம், கண்மாய் விவாதம் தனி இழைக்கு மாற்றப்பட்டது. – மட்டுறுத்துநர்)

புலவர், தஞ்சாவூர்:

ஆசிரியை அம்மா, வில்வண்டியை நினைவூட்டியதற்கு நன்றி, சிறந்த சான்று. ஆயினும் என் மறுப்பைக் கேளுங்கள். வில் தாங்கும், மீளும், உயர்த்துமா? மக்கள் ஏறுவதற்குத் தாழ்ந்து, நெடுஞ்சாலையில் சற்றுத் தணிந்து, மேடுபள்ளத்தில் எழுந்து நிற்பது இந்த வண்டியின் தனிச்சிறப்பு என்று படித்தேன். அந்தச் சிறப்பு ‘காற்றுவில்’லில் எங்கே இருக்கிறது? ‘தூக்கு’ இரண்டையும் சொல்லும்.

பழுதுபார்ப்பவர், லண்டன்:

ஐயா, உயர்த்துவது கம்ப்ரசரும் கணினியும். பை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. அந்த வேலை ‘அமைப்பு’ என்ற சொல்லுக்குள் அடங்குகிறது. எல்322இல் இது இன்னும் தெளிவு. கரடுமுரடான தரையில் இடது வலது காற்றுவில்கள் வால்வு வழியே ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன; ஒரு சக்கரம் மேலே தள்ளப்பட்டால் மறுசக்கரம் கீழே அழுந்துகிறது. முன்பக்கத்தில் காற்றுவில்லும் அதிர்வுத்தாங்கியும் ஒரே தூணாக வருகின்றன. ‘காற்றுவில் தூண்’ என்று உடனே சொல்லிவிடலாம். ‘வளித்தூக்குத் தூண்’ நாவில் நிற்கவில்லை. நான் ‘வளிவில்’ என்று கேட்க நினைத்தேன், விட்டுக்கொடுக்கிறேன்.

பட்டறை நடத்துபவர், கோவை:

‘காற்றுவில்’ என்றால் எங்கள் பையன்களுக்கும் ஒருமுறை சொன்னால் போதும். எனக்குச் சம்மதம். முதல் இடத்தில் மட்டும் ‘ஏர் சஸ்பென்ஷன் எனப்படும்’ என்று சேர்த்துவிடுங்கள் அம்மா.

மொழிபெயர்ப்பாளர், லண்டன்:

எல்லோருக்கும் நன்றி. பக்கம் போயிற்று. கோவை அண்ணன் சொன்னபடி முதல் இடத்தில் விளக்கம் சேர்த்தேன். முடிவுப் பகுதி இப்படி அமைந்தது:

“சுருள்வில் கிளாசிக்கை வாங்குபவர் அலுமினியத் தகட்டின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், அதற்கு உள்ளே இருக்கும் எஃகுப் பகுதிகளில் துருவைத் தேட வேண்டும். 40 ஆண்டு கடந்த வண்டியானால் மாசு மிகுந்த வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் புகைக் கட்டணத்திலிருந்தும் விலக்கு உண்டு. பி38ஏ அந்த வயதை எட்டவில்லை. விலை குறைவாக இருந்தாலும், காற்றுவில்களையும் காற்றுவில் அமைப்பையும் தனித்தனியே சோதித்த பிறகே பணம் கொடுங்கள். எல்322 மூன்றிலும் சொகுசானது. ஆனால் அதன் டீசல் வண்டி எதுவும் யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தை எட்டாததால் நகருக்குள் நாள்தோறும் கட்டணம் கட்ட நேரும்.”

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். ‘வளித்தூக்கு’ அழகில் குறைந்ததல்ல. லிஃப்ட் என்று படித்துவிடுவார்கள் என்ற அச்சம்தான்.

புலவர், தஞ்சாவூர்:

மன்னிப்பு எதற்கு மகளே, வேலை முடிந்ததே மகிழ்ச்சி. பெரும்பான்மையை ஏற்கிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குழுவின் சொற்பட்டியலில் ‘காற்றுவில் அமைப்பு’ என்பதற்கு எதிரே ‘வளித்தூக்கு – மாற்றுப் பரிந்துரை’ என்றும் பதிந்து வையுங்கள். உயரம் மாற்றாமல் காற்றில் நிற்க மட்டும் செய்யும் பஸ்ஸுக்கும், உயரம் மாற்றும் இந்த வண்டிக்கும் ஒரே சொல் போதாது என்று எவரேனும் பின்னால் கேட்பார்கள். அப்போது அது வேண்டியிருக்கும்.