அப்பா சொல்லச் சொல்ல கொப்பித் தாளில் எழுதிய பங்கு செல்லுமா?

கொட்டகலை மகள்:

வணக்கம். எங்கள் அப்பாவுக்கு 71 வயது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். பேச்சு தெளிவாக இருக்கிறது, வலது கைதான் இன்னும் தூக்க வரவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே என் மகனின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழிக்கச் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீடும் அது இருக்கிற 12 பேர்ச் காணியும் தங்கச்சிக்கு. கொஞ்சம் தள்ளி இருக்கிற மரக்கறித் தோட்டம் அண்ணாவுக்கும் எனக்கும் சரிபாதி. வங்கிப் புத்தகத்தில் இருப்பது அம்மாவுக்கு. இடது கையால் கோணல் மாணலாக ஒரு கையெழுத்து வைத்தார். என் கணவரும் பக்கத்து வீட்டு மாமாவும் சாட்சி வைத்தார்கள். கிராம சேவகரிடம் கொண்டுபோய் முத்திரையும் குத்தி வாங்கினோம். "இனி நான் நிம்மதியா படுப்பேன்" என்று சொன்னார்.

அண்ணா கத்தாரில். தங்கச்சிக்கு 38 வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எனக்குப் பங்கு முக்கியமில்லை. நாளைக்கு யாரும் அவளை அந்த வீட்டை விட்டு எழுந்திரு என்று சொல்லக் கூடாது. இந்தத் தாள் போதுமா?

மஸ்கெலியா அண்ணன்:

தங்கச்சி, மனசு கஷ்டப்பட்டாலும் நேராகவே சொல்கிறேன். அந்தத் தாள் செல்லாது. நான் ஒரு சட்டத்தரணியிடம் பத்து வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவன். இப்படிப்பட்ட தாளோடு வந்து அழுதவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

நம் இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம்தான் இன்னும் இதற்கு அடிப்படை. மரண சாசனம், அதாவது உயில் என்றால், நொத்தாரிசு (சொத்துப் பத்திரங்களை எழுதிச் சான்றளிக்க உரிமம் உள்ளவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். நொத்தாரிசு இல்லை என்றால் குறைந்தது ஐந்து சாட்சிகள், எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். உங்கள் தாளில் இரண்டு பேர்தான். கிராம சேவகர் முத்திரையோ சமாதான நீதவான் முத்திரையோ அந்தக் குறையை நிரப்பாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாட்சி வைத்தவர் உங்கள் கணவர். சாட்சிக்கோ சாட்சியின் மனைவிக்கோ கணவனுக்கோ எழுதிய பங்கு செல்லாது. மற்றதெல்லாம் சரியாக இருந்திருந்தாலும் உங்கள் பங்கு போயிருக்கும். அடுத்த முறை சொத்தில் எந்த ஒட்டும் இல்லாத இரண்டு பேரைப் பிடியுங்கள்.

ஒன்றும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு, கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவர்களுக்கு. மலையகத் தமிழர்களாகிய நமக்குப் பொதுச் சட்டம்தான். பாதி அம்மாவுக்கு, மறு பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அதாவது உங்கள் தங்கச்சிக்கு அந்த வீட்டில் ஆறில் ஒரு பங்கு. அப்பா நினைத்தது அதுவல்லவே.

அப்பா தெளிவாகப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம், தள்ளிப் போடாதீர்கள். தமிழில் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், எழுத உரிமம் உள்ள நொத்தாரிசைத் தேடுங்கள். எந்த மொழியில் எழுதலாம் என்பது அவருடைய உரிமத்திலேயே இருக்கும். நம் ஆட்கள் தெரியாத மொழியில் எழுதிய உறுதிக்குக் கைநாட்டு வைத்துவிட்டுப் பிறகு தவிப்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது. பக்கவாதம் வந்தவர் என்பதால், நல்ல நினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

பண்டாரவளை டீச்சர்:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா எதுவும் எழுதாமல் போய்விட்டார். நாங்கள் நான்கு பிள்ளைகள், எங்களுக்குள் சண்டையே இல்லை. அப்படியிருந்தும் ஆறு வருடம் அலைந்தோம். காரணம், அம்மா அப்பாவின் கல்யாணம் பதிவே இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், அவ்வளவுதான். அதோடு அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் மாரியம்மா, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் மாரியாயி, சேமலாப நிதிப் புத்தகத்தில் மாரியாய். மூன்றும் ஒரே ஆள் என்று காட்ட, தோட்டத்து வேலை வரவுப் பதிவேடான செக்ரோலில் இருந்து நான் படித்த பள்ளியின் இடாப்பு வரைக்கும் தேடினோம். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனுஷி, தான் அவருடைய மனைவிதான் என்று கட்டுக்கட்டாகக் காகிதம் காட்ட வேண்டி வந்தது. அந்த அவமானத்தில் அம்மா ஒரு நாள் நீதிமன்ற வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே மாட்டேன் என்றார்.

உங்கள் பெற்றோரின் கல்யாணம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மஸ்கெலியா அண்ணன்:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மரண சாசனம் எழுதிய பிறகு கல்யாணம் நடந்தால் அந்தச் சாசனம் ரத்தாகிவிடும். ஆகவே பதிவு செய்வதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு சாசனத்தை எழுதுங்கள். முறை மாறினால் பின்னால் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு வழக்காடலாம்.

ஹப்புத்தளை வாசகர்:

எதற்கு இவ்வளவு சுற்று? வீட்டை இப்போதே தங்கச்சி பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதி, அப்பா அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, வைத்துவிடலாமே. நீதிமன்றத்துக்கே போகத் தேவையில்லை.

மஸ்கெலியா அண்ணன்:

அதுவும் ஒரு வழிதான். மரண சாசனம் என்றால் அப்பா போன பிறகு, அதை நடைமுறைப்படுத்த அவர் நியமித்த நிறைவேற்றுநர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும், காலமும் செலவும் ஆகும். நன்கொடையில் அந்தப் பாடு இல்லை. ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். பிள்ளை கைவிட்டுவிட்டால், மோசமான நன்றிகேடு என்று நிரூபித்து நன்கொடையை ரத்துச் செய்ய 2017 இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கும் வழக்குப் போட வேண்டும். சாசனத்தை அப்பா உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். நான் பார்த்த வரைக்கும், வயதானவர்கள் கூரையைக் கையில் வைத்திருப்பது நல்லது. முடிவு அப்பாவுடையது, அவரிடம் இரண்டையும் விளக்கிக் கேளுங்கள்.

கொட்டகலை மகள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணப் பதிவு இருக்கிறது, அம்மா அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார். வீட்டுக் காணிக்கு நொத்தாரிசு எழுதிய விலை உறுதி இருக்கிறது. ஆனால் மரக்கறித் தோட்டத்துக்கு உறுதி இல்லை. அரசு முத்திரையோடு, ஜனாதிபதி கையொப்பமிட்ட ஒரு அளிப்புப் பத்திரம்தான் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் அண்ணாவின் பெயர் எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு அது நினைவே இல்லை. தோட்டத்து வரிசை வீடான பழைய லயக் காம்பராவும் எங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறார்.

மஸ்கெலியா அண்ணன்:

பெட்டியைத் திறந்தது நல்ல வேலை. அந்தப் பத்திரம் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. அப்படிப்பட்ட காணியை மரண சாசனத்தால் யாருக்கும் கொடுக்க முடியாது. அப்பாவுக்குப் பிறகு அம்மா தன் காலம்வரை அதை அனுபவிக்கலாம், அதன் பின் பின்னுரித்தாளர் என்று யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் போகும், இப்போதைக்கு அது உங்கள் அண்ணா. அப்பா மனம் மாறியிருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் பழைய நியமனத்தை நீக்கி, சட்டம் அனுமதிக்கிற உறவுக்குள் புதிய நியமனம் செய்யலாம். புதிய நியமனம் அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிவாக வேண்டும், அதை மறக்காதீர்கள். யாரையும் நியமிக்காவிட்டால் முன்பு ஆண் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை. 2022 இல் அதைத் திருத்தினார்கள்.

லயக் காம்பரா நம் சொத்து அல்ல. தோட்டத்துக் காணி அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அதைச் சாசனத்தில் சேர்க்க முடியாது. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், பாவம்.

வங்கிப் பணத்துக்குச் சாசனம் தேவையில்லை. அம்மாவை நியமனதாரராகப் போட்டு வங்கியில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். அப்புறம், உங்கள் தங்கச்சி வேலைக்குப் போகிறவரா? அப்படியானால் அவருடைய சேமலாப நிதிக்கும் யாரை நியமித்திருக்கிறார் என்று பாருங்கள். எல்லாரும் அப்பாவையே பார்த்துக்கொண்டு இருப்போம், இது விட்டுப்போகும்.

பணக் கஷ்டம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் இலவசமாகவே உதவுவார்கள்.

கொட்டகலை மகள்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். பிள்ளைகள் எங்களை வெளியே போகச் சொன்னார், அம்மாவையும்தான். நாங்கள் குசினியில் நின்றோம். பலகைச் சுவர் என்பதால் எல்லாம் கேட்டது. நிறுத்தி நிறுத்தித் தமிழில் வாசித்தார். தங்கச்சியின் பெயர் வந்த இடத்தில் அப்பா, "அத இன்னொருக்கா வாசிங்க ஐயா" என்றார். வாசித்தார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை வாசித்த பிறகுதான் சரி என்றார். தங்கச்சி அடுப்பில் இருந்த தேத்தண்ணிக் கேத்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் கொதித்து வழிந்ததைக்கூட இறக்கவில்லை.

கையெழுத்து வரவில்லை, இடது கைப் பெருவிரலை வைத்தார். அப்பாவோடு ஒன்றாக வேலை செய்த ஒருவரும் பள்ளிக்கூட அதிபரும் சாட்சி. நிறைவேற்றுநராக என்னைப் போட்டிருக்கிறார்.

அண்ணாவிடம் கத்தாருக்குப் போன் போட்டு நானே எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வீடு அவளுக்குத்தான் வர வேண்டும், மரக்கறித் தோட்டத்தை அப்பா என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம் என்றார். அப்பா அதில் அண்ணா பெயரையே இருக்க விடுவதா, மாற்றுவதா என்று இன்னும் யோசிக்கிறார். செவ்வாய்க்கிழமை அவரை முச்சக்கர வண்டியில் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போகிறோம். அளிப்புப் பத்திரத்தோடு வேறு என்னென்ன கொண்டுபோக வேண்டும் அண்ணன்?

மஸ்கெலியா அண்ணன்:

அப்பாவின் அடையாள அட்டை, அளிப்புப் பத்திரத்தின் மூலப் பிரதி, யாரை நியமிக்கிறாரோ அவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி. உங்களுடையதையும் உங்கள் அண்ணாவுடையதையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், அவரை வெயிலில் வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.