நீங்கள் கையால் செய்து கொடுத்த பரிசு இப்போது எங்கே, எப்படி இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நான் செய்து கொடுத்த பெட்டி, டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆசையாகப் போய் மூடியைத் திறந்தால் உள்ளே ஊக்கு, ரப்பர் பேண்ட், கேஸ் ரசீது, பாதி தீர்ந்த தலைவலித் தைலம். மூடியை எடுத்ததும் நாலு பக்கமும் பூ மாதிரி விரிய வேண்டிய பெட்டி அது, எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் என்பார்களே, அது. விரியவே இல்லை. என்னடா என்று பார்த்தால் நாலு மூலையிலும் செல்லோடேப். "தெறந்தா பொத்துனு விழுந்துடுதுடி, அதான் ஒட்டிட்டேன்" என்கிறார் அத்தை, ஏதோ எனக்கே தெரியாமல் போன குறையைச் சரிசெய்து கொடுத்த மாதிரி.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பெட்டிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீடியோவில் எல்லோரும் 12 இஞ்ச் சதுரத் தாள் எடுத்து, 4 இஞ்ச் வீதம் ஒன்பது கட்டமாக மடித்து, நாலு மூலைக் கட்டத்தையும் வெட்டி எறிகிறார்கள். சரி என்று நானும் கடையில் சார்ட் வாங்கி வந்தேன். நம் ஊர் சார்ட் 22க்கு 28 இஞ்ச். அதில் 12 இஞ்ச் சதுரம் இரண்டுதான் தேறும், மிச்சமெல்லாம் துண்டு. ஒரு பெட்டிக்கு உள் அடுக்குகளும் வேண்டும், மூடியும் வேண்டும். வெட்டியதில் குப்பைதான் அதிகம். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சதுரத்தை 10½ இஞ்சாகக் குறைத்தால் ஒரு சார்ட்டில் நாலு வரும், பெட்டி 3½ இஞ்ச் ஆகும், கையில் வைத்தால் அதுவே அழகு. மிச்சம் நிற்கும் 7 இஞ்ச் பட்டையில் மூடிகள். மூடி பெட்டியை விட கால்வாசி இஞ்ச்சில் பாதியாவது, அதாவது ⅛ இஞ்ச், பெரிதாக இருக்க வேண்டும். இதை நான் முதலில் கவனிக்கவில்லை, சரியாக 3½ வைத்து மடித்தேன், மூடி ஏறவே இல்லை. ஓரத்துக்கு இரண்டு பக்கமும் முக்கால் இஞ்ச் விட்டால் ஒரு மூடிக்கு 5⅛ இஞ்ச் சதுரம், அந்தப் பட்டையிலேயே நாலு மூடி வந்துவிடும். உள் அடுக்குகளை வேறு நிறத்தில் 9¾, 9 என்று குறைத்துக்கொண்டே போனேன்.

சார்ட் மட்டும் போட்டால் பக்கங்கள் தொய்கின்றன. புடவை வாங்கும்போது வரும் அட்டைப் பெட்டியை வெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளே ஒட்டினேன். ஃபெவிகாலை அள்ளிப் பூசியதில் முதல் பெட்டி அப்பளம் மாதிரி வளைந்தது. மெல்லிசாகத் தடவி, மேலே தடிப் புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விட்டால்தான் தட்டையாக இருக்கிறது. மடித்த ஓரங்களில் சிலது மட்டும் நார் நாராகக் கிளம்பியது, ஏன் என்று இன்று வரை தெரியவில்லை. போட்டோ பிரிண்ட் உட்பட மொத்தச் செலவு 230 ரூபாய். ஆன நேரம் நாலு ராத்திரி.

உங்கள் பரிசுகளுக்கு என்ன கதி ஆனது, சொல்லுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா?

*

அக்கா, அந்த நார் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் அப்பா முப்பது வருடம் பைண்டிங் கடை வைத்திருந்தார். காகிதம் மில்லில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படுத்துக்கொள்ளும். அந்தத் திசையோடு மடித்தால் வழவழவென்று மடியும், குறுக்கே மடித்தால் நார் முறிந்து ஓரம் பிசிறடிக்கும். உங்கள் சார்ட்டை மேசையில் வைத்து, மடிக்காமல் லேசாக வளைத்து அமுக்கிப் பாருங்கள், முதலில் ஒரு பக்கமாக, அப்புறம் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமாக. எது இலகுவாக வளைகிறதோ அந்த மடிப்பு நாரோடு போகிறது. கிழித்துப் பார்த்தாலும் தெரியும், நாரோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் எங்கோ ஓடிவிடும்.

ஆனால் உங்கள் பெட்டியில் நாலு மடிப்பில் இரண்டு நாரோடு, இரண்டு குறுக்கே. தப்பிக்க வழியில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரே அழுத்தமாகக் கோடு கீறிவிட்டு மடியுங்கள். கீறிய பள்ளம் வெளிப்பக்கமும், பின்னால் எழும்பும் மேடு உள்பக்கமும் வர வேண்டும். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். அப்பா பார்த்தால் கையிலேயே போடுவார்.

இன்னொன்று. மைதாப் பசை மலிவு என்று யாராவது சொல்லி அதைக் காய்ச்சி ஒட்டிவிடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பைண்டிங் கடைகளில் அதற்காகத்தான் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் அது விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

என் பரிசு கதையா? நண்பன் கல்யாணத்துக்கு நானே தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, மேலட்டைக்குத் துண்டு துண்டாகப் பரிசுத் தாள் ஒட்டி ஒரு நோட்டு செய்து கொடுத்தேன். ஆறு வருடமாக பீரோவில் பாலித்தீன் கவருக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் கூட எழுதவில்லை. "எழுதினா வீணாயிடும்டா" என்கிறான். உங்கள் அத்தை தேவலை.

*

தேவலை என்ன, உங்கள் அத்தை தெய்வம். நான் குவில்லிங் ஜிமிக்கி செய்கிறவள். 3 மில்லிமீட்டர் அகலக் காகிதப் பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கி, இறுக்கச் சுருட்டி, அந்த வட்டத்தை ஒரு உருண்டையான மூடி மேல் வைத்து மெதுவாக அமுக்கினால் குடை வரும். உள்பக்கம் பசை பூசிக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தட்டு தட்டினால் சுருள் அவிழ்ந்து ஸ்பிரிங் மாதிரி தொங்கும். ஆரம்பத்தில் சுருட்டும் கருவி வாங்கவில்லை, பல் குத்தும் குச்சியின் நுனியை பிளேடால் பிளந்து அதில் பட்டையைச் சொருகித்தான் சுருட்டினேன். இப்போது கருவி இருக்கிறது, ஆனால் நடுவில் ஓட்டை சின்னதாக வர வேண்டுமென்றால் இன்னும் குச்சிதான்.

ஆபீஸில் ஒரு தோழிக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன், மயில் நீலமும் பச்சையும். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அன்றைக்கே போட்டுக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நல்ல மழை. மறுநாள் ஒரு காகித உறையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள், கண்ணெல்லாம் கலங்கி, ஏதோ என் பூனையைக் கொன்றுவிட்ட மாதிரி. நீல நிறம் அவள் துப்பட்டாவிலும் இறங்கியிருந்தது. தப்பு என் மேல்தான், அவசரத்தில் வார்னிஷ் ஒரே ஒரு கோட்டு, அதுவும் வெளியே மட்டும். இப்போது உள்ளும் வெளியும் இரண்டு கோட்டு அடிக்காமல் யாருக்கும் தருவதில்லை. அப்படியும் குளிக்கும்போது கழற்றிவிடச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

அந்தத் தோழியால் நாலைந்து பேர் காசு கொடுத்துக் கேட்டார்கள். அதில் ஒரு அம்மா ஜோடி 80 ரூபாய் என்றதும், "பேப்பர்தானேம்மா, 80 ரூபாயா?" என்றார். பேப்பர் எட்டு ரூபாய்தான், ஆன்ட்டி. மீதி என் முதுகு வலி. வாய்விட்டுச் சொல்லவில்லை, 60க்குக் கொடுத்துவிட்டு வந்தேன், அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

*

கொஞ்சம் வேறு மாதிரியான அனுபவம். மன்னிக்கவும், நீளமாகப் போகும்.

கல்யாணமாகி முதல் வருடம் மனைவிக்காக ஸ்கிராப்புக் செய்தேன். பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் அலைந்து கெட்டித் தாள், ஜிகினா டேப், குந்தன் கல் எல்லாம் மொத்த விலையில் வாங்கினேன். எங்கள் படங்களை ஆபீஸ் இன்க்ஜெட்டில் பிரிண்ட் எடுத்தேன், பசையின் ஈரம் பட்டு இரண்டு முகங்கள் ஊதாவாகக் கரைந்தன, அதெல்லாம் சின்ன விஷயம், ஸ்டூடியோவில் மறுபடி போட்டுக்கொண்டேன்.

பெரிய விஷயம் இது. முதல் பக்கத்தில் அவள் சிறுவயதுப் படம் வேண்டும் என்று மாமியாரிடம் கேட்டேன். பழைய ஆல்பத்தையே கொடுத்துவிட்டார், ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம். அதில் மாமனார் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று. மாமனார் அவளுக்கு ஒன்பது வயதிலேயே தவறிவிட்டார். படம் பக்கத்தோடு ஒட்டிப்போயிருந்தது, இழுத்தேன், ஒரு மூலை கிழிந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மூலை போய்விட்டதே என்று நினைத்து, படத்தை வட்டமாக வெட்டினேன். டிசைன் கத்தரியால், ஓரம் அலை அலையாக வரும்படி. பின்னால் இருந்த வீடு, வேப்பமரம் எல்லாம் வெட்டுப்பட்டுப் போனது.

புத்தகத்தைத் திறந்ததும் அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது காப்பிதானே?" என்று கேட்டாள். அந்த வீடு விற்றுப்போய், மரமும் இல்லாமல் போய், அது தெரிகிற ஒரே படம் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெட்டிப்போட்ட துண்டுகளைக் குப்பைக் கூடையில் தேடினேன். மரத்தின் துண்டு கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. மரத்தின் துண்டை ஸ்கேன் செய்து படத்தோடு சேர்த்து ஒரு பிரிண்ட் போட்டுக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் யாராவது ஸ்கிராப்புக் செய்யப் போகிறேன் என்றால் முதலில் இதைத்தான் சொல்கிறேன், ஒரிஜினல் பக்கம் கத்தரி போகவே கூடாது. பக்கத்தோடு ஒட்டிய படத்தை எடுக்க வேண்டியிருந்தால் பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் மாதிரி மெதுவாக இழுக்க வேண்டும், வந்துவிடும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் எடுங்கள், அவ்வளவுதான்.

*

மேலே உள்ளதைப் படித்துவிட்டு இதை எழுத ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் வேலை செய்கிற ஆள். அந்த மாதிரி கெட்டியான, ஜரிகை போட்ட அட்டையைக் கடையில் வாங்கினால் சொத்தை எழுத வேண்டும், வீட்டிலோ பை பையாகக் கிடக்கிறது. மஞ்சள் தடவிய மூலையையும் பிள்ளையார் படத்தையும் வெட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுவேன், அம்மாவின் கண்டிஷன். மிச்சத்தில் பரிசின் மேல் ஒட்டும் பெயர்ச் சீட்டு, புத்தக அடையாளம், பணம் வைக்கும் உறை. ஒரு வளைகாப்புக்கு அப்படி ஒரு உறை செய்து கொண்டுபோனேன். அந்தப் பெண்ணின் மாமியார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க சின்னவன் பத்திரிகைல்ல?" என்றார். உள்பக்கம் "இடம்" வரை அப்படியே இருந்தது. சின்னவர் வேறு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை, சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து உள்பக்கத்துக்கு வெள்ளைத் தாள் ஒட்டாமல் எதையும் வெளியே எடுப்பதில்லை.

*

மலேசியாவிலிருந்து. இங்கே சீனப் புத்தாண்டுக்கு, பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு அங்பாவ் உறைகளை மடித்து விளக்கு, மீன் என்று செய்து தொங்கவிடுவார்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தீபாவளிக்கும் இங்கே உறையில் பணம் வைத்துக் கொடுக்கிற பழக்கம் உண்டு, ஊதா, பச்சை என்று மயிலும் கோலமும் போட்டு வரும். பிள்ளைகள் பணத்தை எடுத்துக்கொண்டு உறையைப் போட்டுவிடுவார்கள், நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். போன வருடம் அவற்றில் அதே விளக்கைச் செய்து ஆன்ட்டிக்குக் கொடுத்தேன். சிவப்பு விளக்குகளுக்கு நடுவில் ஒரு ஊதா விளக்கு இன்னும் அவர் வாசலில் தொங்குகிறது. வெயிலில் வெளுத்துவிட்டது, எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன் என்கிறார்.

*

ஆரம்பித்தவள்தான் மறுபடி. பைண்டிங் தம்பிக்கு நன்றி, மை தீர்ந்த பேனா மூன்று கிடைத்திருக்கிறது. வேப்பமரம் பற்றி எழுதியவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் என் வீட்டுப் பழைய ஆல்பத்தை நேற்றே ஸ்கேன் எடுக்கக் கொடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் மறுபடி அத்தை வீட்டுக்குப் போனேன், அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து டேப்பைப் பிரித்து ரிப்பேர் செய்து தரலாமே என்று. தொட விடவில்லை. கேஸ் ரசீதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடியில் காட்டினார். நான் ஒட்டிய வகுப்புப் படங்கள் அப்படியே இருக்கின்றன, சில படங்களில் பையன்கள் தலைக்கு மேல் பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார், யாராவது பழைய மாணவன் வீட்டுக்கு வந்தால் காட்டுவாராம். இரண்டு முகங்களுக்கு மட்டும் பெயர் ஞாபகம் வரவில்லையாம், கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

அப்புறம் இன்னொரு பெட்டி செய்து தரச் சொன்னார். இந்தத் தடவை "விழாதது". நடுவில் இரண்டு அறை வேண்டுமாம், ஊக்குக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. கேஸ் ரசீது மடிக்காமல் உள்ளே போக வேண்டுமாம். ரசீதை அளந்து கொண்டு வந்திருக்கிறேன். 3½ இஞ்ச்சில் நடக்காது, கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.