மறு: மறு: குழந்தைகளின் வலிப்பு வகைகள் – கலைச்சொல் தேவை

வணக்கம். குழந்தைகளின் வலிப்பு பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போவது பெற்றோரும் ஆசிரியர்களும். அதனால் இழுபறியில் இருக்கும் சொற்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலித்தல் என்கிறோம். கைகால் இழுக்காத ஒன்றை வலிப்பு என்பது பொருளுக்கே முரண்.

புலவர் ஐயா, வேர் சரிதான். ஆனால் 'ஆப்சன்ஸ்' (சில நொடி நினைவு தப்பும் வலிப்பு) வகையைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்குவது. சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை நடுவரியில் நின்றுவிடும், பார்வை நிலைகுத்தும், இமை லேசாகப் படபடக்கும், பத்து நொடி போனதும் ஒன்றும் நடக்காததுபோல வாசிப்பைத் தொடரும். ஒரே நாளில் பல தடவை வரும். கீழே விழுவதில்லை, அதனால் வகுப்பில் கிடைப்பது திட்டுதான். 'நினைவு நழுவல்' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதைப் படித்துவிட்டு யார் மருத்துவரிடம் போவார்கள்? பெயரில் வலிப்பு இருந்தே ஆக வேண்டும். 'இன்மை வலிப்பு' என்றால் வலிப்பு இல்லை என்றே படிப்பார்கள். 'வெறிப்பு வலிப்பு' வேண்டவே வேண்டாம், வெறி என்றுதான் காதில் விழும். என் வாக்கு 'வெறுநோக்கு வலிப்பு'.

> வலிப்புக்குப் பழம்பெயர் முயலகன் இருக்கிறதே. கொல்லிமழவன் மகளுக்குச் சம்பந்தர் தீர்த்த நோய்.

கூத்தன் (நடராசர்) காலடியில் மிதிபட்டுக் கிடப்பவன் பெயரை ஒரு குழந்தையின் நோய்க்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே இந்த நோயை மறைத்து வைக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

'குழவி இசிவு' (இன்ஃபன்டைல் ஸ்பாசம்): குழவி தொல்காப்பியச் சொல்தான், ஆனால் இன்று பலருக்கு அது அம்மிக்குழவி. இசிவு என்றால் டெட்டனஸ் என்றும் எடுத்துக்கொள்வார்கள். பிறந்து சில மாதங்களான குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, கையை விரித்து, முழங்காலை மடக்கும். ஓரிரு நொடிதான். சற்று விட்டு மறுபடி, மறுபடி. வயிற்றுவலி என்று விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை தள்ளிப்போனால் வளர்ச்சியே பாதிக்கப்படும் என்பதால் 'கைக்குழந்தை மடங்கு வலிப்பு' என்று கண்ணால் காண்பதையே பெயராக வைக்கலாம். அப்புறம், வரைவில் 'வெஸ்ட் சிண்ட்ரோம்' என்பது 'மேற்கு நோய்க்குறி' என்று இருக்கிறது. வெஸ்ட் திசையல்ல, 1841இல் தன் மகனுக்கு வந்த இதே வலிப்பை லான்செட் மருத்துவ இதழில் எழுதிய மருத்துவர்.

'பொது வலிப்பு' என்றால் சாதாரண வலிப்பு போலிருக்கிறது. மூளையின் ஓரிடத்தில் தொடங்குவதற்கு 'ஓரிட', இருபுறமும் தொடங்குவதற்கு 'இருபுற' போதும். காய்ச்சல் வலிப்போடு மட்டும் 'நோய்' சேர்க்காதீர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை வரும் அது எபிலெப்சி (வலிப்பு நோய்) ஆகாது.

---

புலவர்: வெறுநோக்கை வினைத்தொகையாகக் கொண்டால் வெறுத்து நோக்குவது என்றாகிவிடும். 'வெற்றுப்பார்வை' என்று வழக்கிலேயே இருக்கிறது. வலிப்பு என்ற ஒட்டை நான் இப்போதும் ஏற்கவில்லை. பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

கையேட்டுத் தொகுப்பாளர்: வெற்றுப்பார்வை வலிப்பு, சரி, அப்படியே போடுகிறேன். 'மடங்கு' என்றால் இருமடங்கு மும்மடங்கு என்று குழம்பாதா? வியாழன் இரவு வரை பார்ப்பேன். வேறு சொல் வராவிட்டால் 'ஸ்பாசம்' என்றே அச்சாகும்.