கார்ன் ஸ்நேக்கைக் குளிரில் வைக்க 18 டிகிரி சரியா?

வடலி:
டொராண்டோவில் இருக்கிறேன். என் கார்ன் ஸ்நேக் மூன்று வயது ஆண். நவம்பர் பிறந்ததிலிருந்து எலி கொடுத்தால் பாதி நேரம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. சரி, குளிரில் தின்னாமல் அடங்கிக் கிடக்கும் குளிர்கால ஓய்வுக்கு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். சூடு கொடுக்கும் விரிப்பான ஹீட் மேட்டை நிறுத்தினால் பேஸ்மென்ட் 18 டிகிரியில் நிற்கும். பத்துவரை இறக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 18 பாதுகாப்புத்தானே?

கறுத்தக்கொழும்பான்:
இல்லை. பத்தைவிட 18தான் எனக்குப் பயம். அந்தச் சூட்டில் பாம்பு அடங்கிப் படுக்காது, தின்றதையும் ஒழுங்காகச் செரிக்காது. ஊர்ந்துகொண்டே இருப்பதால் உடம்புக் கொழுப்பு கரையும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் இந்த இரண்டுங்கெட்டான் குளிரில் வர வாய்ப்பு அதிகம். 10 முதல் 13 டிகிரி, எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம்: கார்ன் ஸ்நேக்கை இனப்பெருக்கம் செய்கிறவர்கள் பலர் பின்பற்றுவது இதுதான். குளிர வைப்பதென்றால் ஒழுங்காகக் குளிர வையுங்கள்.

தேள்கொடுக்கு:
ஏன் குளிர வைக்கவேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே! ஜோடி சேர்க்கிறவர்களுக்குத்தான் இது தேவை. இதே இனம் நியூ ஜெர்சி பைன் காட்டிலும் இருக்கிறது, புளோரிடா கீஸ் தீவுகளிலும் இருக்கிறது. கீஸில் ஏது பனி? வீட்டில் தனியாக இருக்கும் பாம்புக்கு 28 டிகிரியில் ஒரு சூடான மூலை போதும். வளர்ந்த ஆண் சில வாரம் தின்னாவிட்டால் குடிமுழுகிப் போகாது.

பனிச்சறுக்கு:
கறுத்தக்கொழும்பான் சும்மா பயமுறுத்துகிறார். நான் 17, 18இல்தான் வைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இங்கே கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் பக்கம் கார்ட்டர் பாம்புகள் மைனஸ் 30 டிகிரிக் குளிர்காலத்தையே கழிக்கின்றன. பாம்பு எதையும் தாங்கும்.

கறுத்தக்கொழும்பான்:
மைனஸ் 30 நிலத்துக்கு மேலே, ஐயா. பாம்புகள் சுண்ணாம்புப் பாறை வெடிப்புக்குள், மண் உறையும் ஆழத்துக்கும் கீழே கிடக்கின்றன. அப்படி உறையாத இடம் சில குழிகள்தான் என்பதால்தான் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் குவிகின்றன. அதுவும் வேறு இனம். உங்கள் பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்களே, எடை போட்டீர்களா?

பனிச்சறுக்கு:
பார்த்தாலே தெரியாதா?

கறுத்தக்கொழும்பான்:
தெரியாது. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் உடனே சூட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

நீலாங்கரை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் பால் பைதான் (ball python) என்கிற மலைப்பாம்பு வைத்திருக்கிறேன். ஏசி போட்டு இப்படிக் குளிர வைக்கவேண்டுமா?

தேள்கொடுக்கு:
வேண்டவே வேண்டாம். அது கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. இரவில் 24 வரை இறங்கினாலே தாராளம். ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் இந்திய மலைப்பாம்பு முள்ளம்பன்றி வளையில் குளிர்காலத்தைக் கழித்து, வெயில் வந்தால் வாசலில் கிடந்து காயும். அதைப் பார்த்து இதற்கும் செய்துவிடாதீர்கள்.

வடலி:
கறுத்தக்கொழும்பான் அண்ணை, 12 டிகிரிக்கே இறக்கினால் எப்படித் தொடங்குவது? போன கிழமை ஒரு சின்ன எலி தின்றது.

கறுத்தக்கொழும்பான்:
அப்படியென்றால் இன்றைக்குத் தொடாதீர்கள்! வயிற்றில் எலி இருக்கக் குளிர வைத்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். தின்ற நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் பழைய சூட்டிலேயே, சாப்பாடில்லாமல் இருக்கட்டும். வயிறு காலியான பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக இறக்குங்கள். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கவேண்டும். தெர்மாமீட்டரின் அளக்கும் முனையை (புரோப்) சுவரில் ஒட்டாமல் டப்பாவுக்குள் அடியில் வையுங்கள். பேஸ்மென்ட் சிமெந்துத் தரை காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்.

வடலி:
இப்போதுதான் ஜன்னலோரம் டப்பாவை வைத்து அளந்தேன். இரவில் 13. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடினால் 19 வரை ஏறுகிறது.

கறுத்தக்கொழும்பான்:
அது சரிவராது. ஒரே அளவில் நிற்காத இடத்தில் நானும் வைக்கமாட்டேன். இந்த வருடம் தேள்கொடுக்கு சொன்னபடியே ஹீட் மேட்டை ஓடவிடுங்கள்.

தேள்கொடுக்கு:
சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து! வழக்கத்தைவிடச் சின்ன எலியாக, பத்து நாளுக்கு ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். தொடாவிட்டால் மறுநாளே மறுபடி நீட்டாதீர்கள்.

பனிச்சறுக்கு:
ஆளாளுக்கு மிரட்டுகிறீர்கள். எடை போடுகிறேன். ஆனால் 18ஐ மாற்றப்போவதில்லை.

கறுத்தக்கொழும்பான்:
முதலில் எடையைப் போடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.