பங்குனி கடைசியில் குளச்சல் பக்கம் நான்கு நாள்: என்ன பார்க்கலாம், கடலில் குளிக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அம்மிணி

வணக்கம். எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. மார்ச் கடைசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது. பெரியவள் ஏழாவது, சின்னவன் இரண்டாவது. விஷுவுக்குள் ஒரு நான்கு நாள் கடலோர ஊரில் தங்கிவிட்டு வரலாம் என்று மாமியார் ஆசைப்படுகிறார். அவருக்கு முட்டிவலி, அதிகம் நடக்க முடியாது. கன்னியாகுமரியில் கூட்டம் அதிகம், குளச்சல் போங்கள் என்று ஒருவர் சொன்னார். நான்கு நாளைக்கு அங்கே என்ன இருக்கிறது? வெயில் எப்படி? முக்கியமாக, பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா?

பதில்: மார்த்தாண்டத்தான்

குளச்சலில் தங்கிக்கொண்டு சுற்றுவது வசதிதான். பத்மநாபபுரம் அரண்மனையை விட்டுவிடாதீர்கள். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை மூடியிருக்கும். அப்படியே மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரத்தில் வாய்க்கால் தண்ணீர் ஆற்றைத் தாண்டிப் போவதைப் பையன் வாய் பிளந்து பார்ப்பான். திற்பரப்பு அருவியில் அந்த மாதம் தண்ணீர் குறைவாக இருக்கும், அதை நம்பி வராதீர்கள்.

பதில்: குறும்பனைக்காரி

அக்கா, நான் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் தொழில். கடைசியாக நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். முட்டளவு தண்ணீர் என்றாலும் வேண்டாம்.

பங்குனி, சித்திரையில் எங்கள் கடல் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். காற்று இருக்காது, மேகம் இருக்காது. அந்த நேரத்தில்தான் கள்ளக்கடல் வரும். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் எங்கேயோ புயல் அடிக்கும். அங்கே கிளம்பின அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழித்து நம் கரையில் ஏறும். இங்கே ஓர் இலைகூட அசைந்திருக்காது. வானத்தைப் பார்த்துக் கடலைக் கணிக்கிற பழக்கம் அதனிடம் செல்லாது. 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. எல்லோரும் இளம்பிள்ளைகள். இன்றைக்கும் அந்த மணலைத் தாண்டிப் போகும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். ஹைதராபாத்தில் இருக்கிற, கடல் நிலையைக் கணித்துச் சொல்கிற இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் வருமுன் எச்சரிக்கை கொடுக்கும், செய்தியிலும் வரும். கிளம்புகிற வாரம் அதைப் பாருங்கள். முட்டம் பாறைகளில் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

சரி, குளிக்காவிட்டால் கடல் ஊரில் என்ன செய்வது என்று பிள்ளைகள் முகம் சுருங்கும். விடிகாலையில் எழுப்பிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வள்ளம் வந்து ஏறுகிற நேரம், மீன் ஏலம் நடக்கிற நேரம் அது. ஏலம் கூறுகிறவர் விடுகிற வேகத்தில் ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் பெரியவள் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் விலை எப்படி ஏறுகிறது என்று பிடித்துக்கொள்வாள். சாளை, அயிலை, நெத்திலி, வாளை என்று அன்றைக்குக் கடல் கொடுத்ததெல்லாம் மணலில் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கரமடி இழுப்பதையும் பார்க்கலாம். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறையும் இரண்டு கூட்டமாகக் கரையில் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும், கடைசியில் மடி கரையேறும். கேட்டுக்கொண்டால் கயிற்றின் கடைசியில், தண்ணீரை விட்டுத் தள்ளி, பிள்ளைகளையும் பிடிக்க விடுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்றைக்கு எங்கள் ஊர்களில் கடலுக்குப் போக மாட்டார்கள். பெரிய வெள்ளி அன்றைக்கும் அப்படித்தான்.

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடுமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஏப்ரல் 15-ல் தொடங்குவது கிழக்குக் கரைக்கு. கன்னியாகுமரி பக்கம் சின்னமுட்டம் துறைமுகம் அதில் வரும். எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், ஜூலை 31 வரை. அதனால் நீங்கள் வருகிற நாளில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாத் துறைமுகத்திலும் வேலை நடக்கும்.

மணவாளக்குறிச்சி பக்கம் கரை மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட் மாதிரி கனமான கனிமங்கள் கலந்தது. லேசான மணலை அலை அரித்துக்கொண்டு போக, கனமானது வரிவரியாகத் தங்கிவிடும். அதைச் சின்னவனுக்குக் காட்டுங்கள். காலையிலேயே காட்டிவிடுங்கள், வெயில் ஏறினால் கறுப்பு மணலில் கால் வைக்க முடியாது. பத்து மணிக்கு மேல் நிழலுக்குப் போய்விட வேண்டும். சாயங்காலம் சில நாள் மலைப்பக்கம் இடித்துக் கோடை மழையும் வரும்.

மாமியாருக்கு மண்டைக்காடு பகவதி கோயில். மாசிக் கொடைத் திருவிழா முடிந்திருக்கும், நெரிசல் இல்லாமல் கும்பிடலாம். அம்மன் அங்கே புற்று வடிவம். தலைவலி தீர மண்டையப்பம், அதாவது தலை வடிவில் செய்த அப்பம், நேர்ந்துகொள்வார்கள்.

சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்தது, மீன் புளிமுளம். உங்கள் பக்கத்துக் கப்பையும் மீனும்தான், புளிப்பு வேறு மாதிரி இருக்கும். காலையில் அக்கானி, அதாவது பதநீர், கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், வெயில் ஏறும் முன் குடிக்க வேண்டும். சின்னப் பலா மாதிரி இருக்கிற அயனிச்சக்கைப் பழமும் அந்தக் காலத்தில் வரும்.

மறுபடியும்: கொழிஞ்சாம்பாறை அம்மிணி

ரொம்ப நன்றி தங்கச்சி. குளியலை விட்டுவிட்டோம், பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று. பெரியவளுக்குச் சரித்திரம் பிடிக்கும். குளச்சலில் ஏதோ போர் நடந்ததாமே? ரயிலில் வந்தால் எங்கே இறங்க வேண்டும்?

பதில்: மார்த்தாண்டத்தான்

1741-ல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது குளச்சலில். அதன் நினைவாக ஒரு தூண் இருக்கிறது. கதை அதோடு நிற்கவில்லை. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கினார். 1777-ல் இறந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையைப் பார்க்கலாம். பத்மநாபபுரம் போகிற அதே நாளில் முடித்துவிடலாம். ரயிலுக்கு இரணியல் ஸ்டேஷன்தான் பக்கம்.

பதில்: குறும்பனைக்காரி

அக்கா, தொட்டிப்பாலத்துக்கு மாமியாரை நடக்க வைக்காதீர்கள். அது நீளமான பாலம், நடைபாதையும் குறுகல். மேலே ஏறும் இடத்திலேயே நிழலில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அவருக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேருகிற இடம் பிடிக்கும். பொழிமுகத்தில் இழுப்பு அதிகம், அங்கேயும் கால் நனைக்க வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் போங்கள், ஆட்டோ கிட்டத்தில் வரை வரும்.