வாரம் ஆறு எலுமிச்சை: ஊறுகாய் போடுவது எப்படி?

வணக்கம். மாடியில் தொட்டியில் ஓர் எலுமிச்சையும் நாலு மிளகாய்ச் செடியும் இருக்கின்றன. வாரத்துக்கு ஐந்தாறு பழம்தான் கிடைக்கிறது. ஒரே நாளில் ஜாடி நிரம்பாது. அதனால் கிடைத்ததை அப்போதைக்கப்போது நறுக்கி, 100 கிராமுக்கு 20 கிராம் கல் உப்பு என்று போட்டு, அதே பீங்கான் ஜாடியில் சேர்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் வாரம் மேலே பூஞ்சை! அத்தனையையும் கொட்டிவிட்டேன். (மாமியார் போட்டால் மட்டும் கெடுவதே இல்லை, என்ன கைராசியோ.)

புதுத் துண்டுகளைத் தனி பாட்டிலில் ஊறவைத்து, சாறு விட்ட பிறகுதான் சேர்க்க வேண்டுமா? துண்டுகள் சாற்றில் மூழ்காவிட்டால் கூடுதலாக எலுமிச்சை பிழிந்தால் போதுமா, நல்லெண்ணெய் காய்ச்சி ஆற்றி ஊற்றணுமா?

அப்புறம், மிளகாயை வினிகரில் போடுபவர்கள் தண்ணீர் கலப்பீர்களா? இந்த வாரப் பழம் கூடையில் காத்திருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.