அம்மாவுக்கு பைபாஸ்: ஜி.ஹெச்.சா, ஓமந்தூராரா?

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை வேறு. போன வாரம் விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அங்கே கவுன்டரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுக்கு மேல தனியா கட்டணும்" என்றார்கள், எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. சரி, சென்னைக்கே கூட்டிப் போய்விடலாம் என்று கிளம்புகிறோம்.

சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி ஜி.ஹெச். நல்லதா, ஓமந்தூரார் நல்லதா? சமீபத்தில் அங்கே பைபாஸ் செய்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஓ.பி. சீட்டுக்கு காலையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? அட்டையில் அம்மாவின் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறு, இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்களா?

அப்புறம், கூட வரும் அப்பாவுக்கு முதுகுவலி, தரையில் படுக்க முடியாது, பக்கத்தில் குறைந்த வாடகையில் அறை கிடைத்தால் பெரிய உதவி. "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று இன்பாக்ஸுக்கு வரும் புரோக்கர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.